அசந்து தூங்குகிறவர்

1. இரண்டு மணி பத்து நிமிடம்

“அக்கா, கொஞ்சம் இங்கிட்டு வாங்க.”

அடுத்த டூட்டிக்கு வந்த நர்ஸ் ஜெயந்தி கத்தவில்லை. வார்டில் கத்திச் சொல்லப்படுவதெல்லாம் சின்னச் செய்திகள்தான். ட்ரிப் முடிந்துவிட்டது, ஸ்ட்ரெச்சர் வரவில்லை, யாரோ சொந்தக்காரர் வாசலில் சண்டை போடுகிறார். பெரிய செய்தி தாழ்ந்த குரலில்தான் வரும். அதனால், டூட்டி முடிந்து தோளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள் அப்படியே திரும்பி நடந்தேன்.

ஆறாம் கட்டில். அதில் இருந்தவர் செல்லத்துரை, கீரமங்கலம் பக்கத்தில் மல்லிகை போட்டிருக்கிற விவசாயி. காலையில் மொபட்டிலிருந்து விழுந்து, தலையில் அடியோடு வந்தவர். வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டை வந்துகொண்டிருந்தது. அது தூக்கத்தின் குறட்டை இல்லை என்று வாசலிலிருந்தே எனக்குத் தெரிந்தது. முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் அதே கட்டிலுக்கு நாலடியில் நின்றபோது தெரியாதது, இப்போது வாசலிலிருந்தே தெரிந்தது.

ஜெயந்தி அவருடைய வலது இமையைப் பெருவிரலால் தூக்கி டார்ச் அடித்தாள். ப்யூப்பில், கண்ணின் நடுக் கருமணி, சுருங்கியது. இடது இமையைத் தூக்கினாள். அடித்தாள். எடுத்தாள். மறுபடி அடித்தாள். மூடி இல்லாத கிணறு போல அது விரிந்தே கிடந்தது. வெளிச்சம் உள்ளே போனது, ஒன்றும் அசையவில்லை.

கட்டிலின் மறுபக்கத்தில் அவர் மனைவி வளர்மதி, ஸ்கேன் கவரை விசிறியாக்கி இன்னும் வீசிக்கொண்டிருந்தார்.

“நல்லா அசந்து தூங்குறாக சிஸ்டர். ஏன் போட்டு எழுப்புறீங்க?”

நர்சிங் முடித்து முதல்முறை வார்டுக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அசந்து என்ற அந்த ஒரு சொல்லில்தான் நான் வழுக்கி விழுந்தேன். அதில் நாம் எல்லோரும் விழலாம், ஏனென்றால் அது நம்முடைய சொந்தச் சொல். களைத்தவர் நிம்மதியாகத் தூங்கினாலும் அசந்துட்டார் என்போம். காவல் இருந்தவர் கோட்டை விட்டாலும் அசந்துட்டார் என்போம். அன்றைக்கு ஆறாம் கட்டிலில் இரண்டு அர்த்தமும் இருந்தன. ஒன்று கட்டிலின் மேல். இன்னொன்று கட்டிலுக்கு அருகே, நர்ஸ் உடுப்போடு.

2. பதினைந்துக்குப் பதினைந்து

என் பெயர் ஸ்டெல்லா. ஆவூர்ப் பக்கம். வயது நாற்பத்தேழு, அதில் இருபத்தைந்து வருடம் வார்டில் கழிந்தது. இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. அப்போது நான் புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தேன். அதன் பெயர் வேண்டாம். தவறு கட்டடத்துடையது இல்லை.

தலையில் அடிபட்டவரைப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன வேலை என்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. மருந்து குறைவு, கட்டு குறைவு. கேள்விதான் மருந்து. கண் திறக்கிறாரா, அதற்கு நாலு மதிப்பெண். சரியாகப் பேசுகிறாரா, அதற்கு அஞ்சு. சொன்னபடி கையைக் காலை அசைக்கிறாரா, அதற்கு ஆறு. மொத்தம் பதினைந்து. இதைத்தான் ஜி.சி.எஸ். என்கிறோம். செத்துக்கொண்டிருப்பவருக்குக்கூட மூன்று உண்டு. பதினைந்திலிருந்து பதினாலுக்கு இறங்குவதை எந்த மெஷினும் சத்தம் போட்டுச் சொல்லாது. ஒரு நர்ஸ் கூப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

செல்லத்துரை வந்தது காலை ஒன்பது மணிக்கு. பூ மார்க்கெட்டில் மூட்டையைப் போட்டுவிட்டு வீடு திரும்பும்போது, வளைவில் கொட்டிக் கிடந்த மணலில் மொபட் சறுக்கியது. ஹெல்மெட் ஹேண்டில்பாரில் தொங்கியது. இடது நெற்றிப்பொட்டு மைல்கல்லில் இடித்தது. 108-இல் வந்து இறங்கும்போது உட்கார்ந்தபடிதான் வந்தார். அவரோடு சேர்ந்து மல்லிகை வாசமும் எமர்ஜென்சிக்குள் வந்தது. சட்டைப் பையில் நாலைந்து மொக்கு நசுங்கிக் கிடந்தது. டெட்டால் வாசத்துக்கு நடுவில் அது யார் வீட்டுக் கல்யாணத்தையோ ஞாபகப்படுத்தியது.

ஸ்கேனில், இடது பக்கம் மண்டையோட்டில் கீறல் போல ஒரு விரிசல். அதற்கு உள்ளே மொச்சைக்கொட்டை அளவுக்கு ரத்தம். எங்களிடம் நியூரோ சர்ஜன் கிடையாது. டியூட்டி டாக்டர் படத்தைத் தஞ்சாவூரில் இருக்கிற சர்ஜனுக்கு போனில் அனுப்பினார். ஸ்பீக்கரில் பதில் வந்தது.

“இப்ப ஆப்பரேஷன் வேணாம். அரை மணிக்கு ஒருவாட்டி ஜி.சி.எஸ்., ப்யூப்பில், பி.பி. ஒரு பாயிண்ட் எறங்குனாலும் யோசிக்காம வண்டில ஏத்திருங்க.”

டியூட்டி டாக்டர் என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். “ஒரு பாயிண்ட் சிஸ்டர்.”

“சரி சார்” என்றேன். எத்தனையோ தலைக்காயம் பார்த்தவள். ஒரு விரலை எண்ணத் தெரியாதா எனக்கு?

3. கிழமை கேட்டால்

பத்து மணிக்கு அவரை எழுப்பி உட்கார வைத்துக் கேட்டேன்.

“ஒங்க பேரு என்னங்க?”

“செல்லத்தொர. ஒங்க சீட்டுலயே எழுதியிருக்கே.”

“இது எந்த எடம்?”

“ஆஸ்பத்திரி. இல்லாட்டி நீங்க ஏன் இந்தக் கலர்ல நிக்கிறீங்க?”

“இன்னிக்கு என்ன கிழமை?”

“செவ்வா. நாளைக்கு மொகூர்த்தம். தோட்டத்துல பாதிப் பூ நிக்கிது சிஸ்டர், சீக்கிரம் விடுங்க.”

“இந்தம்மா யாரு?”

மனைவியைப் பார்த்து ஒரு நொடி யோசிப்பது போல் நடித்தார். வளர்மதியின் முகம் வெளிறிவிட்டது. பிறகு சிரித்தார். “வளர்மதி. மறந்தா விட்டுருவாளா?”

“இப்புடியா வெளையாடுவீக?” என்று வளர்மதி அவர் கையில் ஒரு அடி வைத்தார். பதினைந்துக்குப் பதினைந்து. பி.பி. நூற்றிருபதுக்கு எண்பது. பல்ஸ் எண்பத்தெட்டு.

பத்தரை, பதினொன்று, பதினொன்றரை. ஒவ்வொரு அரை மணிக்கும் அதே கேள்வி.

“எத்தன தடவ இதையே கேப்பீங்க? அடி பட்டது எனக்கு. மறதி ஒங்களுக்கா?” என்றார். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. இதையும் எழுதி வைக்கிறேன்: பிடித்துப்போன நோயாளியிடம் நம் கண் கொஞ்சம் மங்கும்.

பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை வாந்தி. டாக்டரிடம் சொன்னேன். ஊசி எழுதினார். “நல்லா கவனிங்க” என்றார். தலை வலிக்கிறது என்று செல்லத்துரை கண்ணை மூடிக்கொண்டார்.

பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டேன். இரண்டாவது தடவை கூப்பிட்டபோதுதான் கண் திறந்தார். பெயர் சொன்னார். ஆஸ்பத்திரி என்றார். கையைப் பிடிக்கச் சொன்னேன், பிடித்தார்.

“என்ன கிழமை?”

“மொகூர்த்தம்.”

நான் சிரித்தேன். வளர்மதியும் சிரித்தார். காலையிலிருந்து அவர் இப்படித்தானே பேசிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே சார்ட்டில் பேச்சுக்கு அஞ்சு போட்டேன்.

நாலு போட்டிருக்க வேண்டும்.

கிழமை கேட்டால் கிழமைதான் பதில். வேறு எது வந்தாலும் அது குழப்பம், அதற்கு நாலு. டாக்டர் காட்டிய அந்த ஒற்றை விரல் அதுதான். அது ஒரு வேடிக்கைப் பேச்சின் உடுப்பைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றது. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன்.

“அரை மணி கழிச்சுத் திரும்பக் கூப்பிடுவேன். பதில் சொல்லணும், சரியா?” என்றேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “கூப்பிடுங்க சிஸ்டர். வாரேன்.”

4. இரண்டு சின்னக் கோடு

ஒரு மணி. டார்ச்சோடு போனேன். வளர்மதி வாயில் விரலை வைத்து என்னை வாசலிலேயே நிறுத்தினார். குசுகுசுவென்று பேசினார்.

“சிஸ்டர், இப்பதான் கண்ணசந்தாக. ராத்திரி ஒரு மணிக்கே எந்திரிச்சு, நெத்தியில லைட்டக் கட்டிக்கிட்டு பூ எடுக்கப் போனவுக. தெனமும் மத்தியானம் ரெண்டு மணி நேரம் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவாக. அந்நேரத்துல புள்ளைகளக்கூடச் சத்தம் போட விடமாட்டேன். கொஞ்சம் கெடக்கட்டுமே.”

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. கீரமங்கலத்துப் பூக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். ஊருக்கு விடிவதற்குள் அவர்களுக்குப் பாதி நாள் முடிந்துவிடும். மத்தியானத் தூக்கம் அவர்களுக்குச் சோறு மாதிரி. எங்கள் ஊர்ப்பக்கத்தில் தூங்குகிறவரைத் தாண்டிப் போகமாட்டோம். எழுப்புவது பாவம் என்போம். அந்த வளர்ப்பு எனக்குள்ளும் இருந்தது. படித்த படிப்புக்கும் அடியில், முதலில் போட்ட தரை போல.

கட்டிலுக்கு நாலடியில் நின்று, செல்லத்துரையின் விரலில் மாட்டியிருந்த கிளிப்பைப் பார்த்தேன். ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு. பல்ஸ் அறுபத்தாறு. தூக்கத்தில் பல்ஸ் இறங்கும்தானே என்று நினைத்தேன். பி.பி. பார்க்கவில்லை. பட்டையைச் சுற்றிக் காற்றடித்தால் கை இறுகும், முழித்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன். சொல்லிப் பாருங்கள் இதை. முழித்துக்கொள்வாரா என்று பார்ப்பதுதான் என் வேலை. முழித்துவிடுவாரே என்று அந்த வேலையைச் செய்யாமல் வந்தேன்.

சார்ட்டில் ஜி.சி.எஸ். கட்டத்திலும் ப்யூப்பில் கட்டத்திலும் பி.பி. கட்டத்திலும், மேலே உள்ளதே கீழேயும் என்று இரண்டிரண்டு சின்னக் கோடு போட்டேன். மேற்படி.

ஒன்றரைக்கும் அதே. அதற்குள் புதிதாக இரண்டு அட்மிஷன் வந்திருந்தது. அது ஒரு சாக்கு இல்லை. எந்த வார்டிலும் எந்த நாளும் இரண்டு அட்மிஷன் வரும். பல்ஸ் ஐம்பத்தெட்டு. குறட்டை கேட்டது. வளர்மதி என்னைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டிரண்டு கோடு.

இரண்டு மணிக்கு ஜெயந்தி வந்தாள். என்னைவிட எட்டு வயது இளையவள், விராலிமலைக்காரி. ஒப்படைக்கும்போது ஆறாம் கட்டிலைப் பற்றி நான் சொன்ன சொற்கள் எனக்கு மனப்பாடம். “ஹெட் இஞ்சுரி, பதினஞ்சுக்குப் பதினஞ்சு, தூங்குறாரு.”

“எழுப்பிப் பாத்தீங்களாக்கா?”

“இப்பதான் பாத்தேன்.”

பெரிய பொய்கள் யோசித்துச் சொல்லப்படுவதில்லை. பஸ்ஸுக்கு நேரமாகும்போது வாயில் வருகிறவை அவை.

ஜெயந்தி என்னை நம்பினாள். ஆனாலும் போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். நல்ல நர்ஸ் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே விளக்கம் இதுதான்.

5. கந்தர்வகோட்டைச் சாலை

பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். கண் திறக்கவில்லை. தோள் சதையை அழுத்திக் கிள்ளினோம். இடது கை மட்டும் எங்கள் கையைத் தட்டிவிட வந்தது. வலது கை துணி மாதிரிக் கிடந்தது. பி.பி. நூற்றெழுபத்தாறு. பல்ஸ் ஐம்பத்திரண்டு. பி.பி. ஏறி பல்ஸ் இறங்கினால் மண்டைக்குள் அழுத்தம் கூடுகிறது என்று அர்த்தம். பதினைந்து இருந்த இடத்தில் எட்டு இருந்தது.

டாக்டர் ஓடி வந்தார். தொண்டை வழியே மூச்சுக்குக் குழாய் போட்டார். மூளை வீக்கத்தைக் குறைக்கிற மருந்தைத் திறந்துவிட்டோம். தஞ்சாவூருக்கு வண்டி ஏற்பாடானது. கூடப் போக ஒரு நர்ஸ் வேண்டும். நான் ஏறினேன். பையை ஜெயந்தி கையில் கொடுத்துவிட்டு ஏறினேன்.

வழியெல்லாம் பலூனை அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டே போனேன். அழுத்தணும், விடணும். அழுத்தணும், விடணும். கந்தர்வகோட்டைக் கடைத்தெருவில் ஒரு மினி பஸ் வழிவிடாமல் நின்றது. எங்கள் டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினார். எதிர் இருக்கையில் வளர்மதி அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழவில்லை. வண்டி ஊரைத் தாண்டிய பிறகு பேசினார்.

“நாந்தான சிஸ்டர் எழுப்ப வேணாம்னேன். நீங்க டார்ச்ச எடுத்துக்கிட்டு வந்தீங்க. நாந்தான் தடுத்தேன்.”

நான் பலூனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் இரண்டு கைகளுக்கும் வேலை இருந்தது. வாய்க்கு இல்லை.

“இல்லம்மா” என்ற ஒரு சொல் போதும். நீங்க சொல்லலாம், நான் கேட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான். தஞ்சாவூர் வருகிற வரைக்கும் நேரம் இருந்தது. சொல்லவில்லை. அழுத்தணும், விடணும்.

மண்டையைத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்தார்கள். சர்ஜன் வெளியே வந்து, “கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றார். யாரையும் குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. அதனால்தான் இன்னும் காதில் இருக்கிறது.

6. உயிர் வந்தது

செல்லத்துரை பிழைத்தார். ஒன்றரை மாதம் கழித்து வீட்டுக்கு வந்தார். வலது கை வரவில்லை. வலது கால் இழுத்துக்கொண்டு வந்தது. பேச்சு போய்விட்டது. சொல்வது புரியும்; பதில் வராது. அவரிடம் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. மூளையின் அந்தப் பக்கத்தில் அடிபட்டவர்களுக்குச் சில சமயம் இப்படி ஒற்றைச் சொல் தங்கிவிடும் என்று பிசியோதெரபிஸ்ட் எனக்கு விளக்கினார். பசித்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான், வேண்டாம் என்றாலும் அதுதான்.

“என்ன சொல்லு அது?” என்று கேட்டேன்.

“வாரேன்-ங்கிறாரு.”

நான் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மருத்துவமனையில் விசாரணை என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பெரிய டாக்டர் சார்ட்டை விரித்துவைத்து, பேனாவால் அந்தக் கோடுகளைத் தட்டினார்.

“ஒரு மணி, ஒன்னர மணி. பாத்துட்டுத்தான போட்டீங்க?”

“பாத்தேன் சார்.”

“அப்ப திடீர்னு எறங்கியிருக்கு. நடக்கும்.” மூடிவிட்டார்.

வராந்தாவில் ஜெயந்தி நின்றிருந்தாள். “நான் எதுவும் சொல்லலக்கா” என்றாள். “ஆனா அந்தம்மா தம்மேலயே பழியப் போட்டுக்கிட்டுத் திரியுறாக. அது ஒங்களுக்குத் தாங்குதா?” அதன் பிறகு என்னோடு சாப்பிட உட்காரமாட்டாள். சில மாதத்தில் வேறு ஊருக்கு வேலை மாறிப்போனாள்.

பிசியோதெரபிக்கு வாரம் இரண்டு நாள் அவரைக் கூட்டி வருவார்கள். வளர்மதி ஒரு பக்கம், அவருடைய மாமியார் ஒரு பக்கம். ஒருநாள் வராந்தாவில் மாமியாரின் குரல் கேட்டது.

“தூங்கட்டும் தூங்கட்டும்னு ஆலவட்டம் வீசி எம்புள்ளையப் படுக்கையில போட்டுட்டல்ல. ஒங் கைப் பச்சத்தண்ணி இனி எனக்கு ஆகாதுடி.”

 நான் பத்தடி தூரத்தில், ஊசி ட்ரேயோடு நின்றேன். அந்தப் பத்தடியை நான் நடந்திருக்கலாம். நடக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும் மாலை டூட்டி கேட்டு வாங்கிக்கொண்டேன், அவர்கள் வருவது காலையில் என்பதால்.

அந்த வருடத் தவக்காலத்தில் மாதா கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு கோடு வரைக்கும்.  அவர் கேட்டார்: “இத ஆண்டவர்கிட்ட சொல்லிட்ட. கேக்க வேண்டிய ஆளு கேட்டாச்சா?”

எழுந்து வந்துவிட்டேன். அந்த ஆளிடம் போய்ச் சொல்ல இன்னும் மூன்று வருடம் எடுத்துக்கொண்டேன்.

வேலையை மட்டும் மாற்றிக்கொண்டேன். இப்போது வேறொரு மருத்துவமனையில் வார்டு இன்சார்ஜ். என் வார்டில் தலைக்காய சார்ட்டில் மேற்படிக் கோடு கிடையாது. ஒவ்வொரு கட்டத்திலும் எண் வேண்டும். தூங்குகிறார் என்று எழுதினால் அடித்துவிட்டுத் திரும்ப அனுப்புவேன். தூக்கம் என்பது எழுப்பிப் பார்த்த பிறகு வைக்கிற பெயர். எழுப்பாத வரைக்கும் அதற்குப் பெயர் இல்லை. கிழமைக்கு வேடிக்கையாகப் பதில் வந்தால் சிரிக்கலாம். சிரித்துவிட்டு இன்னொரு தடவை கேட்க வேண்டும். இதெல்லாம் சரிதான். இதெல்லாம் மற்ற கட்டில்களுக்கு. ஆறாம் கட்டிலுக்கு நான் செய்ய வேண்டியது அப்படியே நின்றது.

7. கீரமங்கலம்

போன மாசியில் ஒரு லீவு நாள். ஆலங்குடி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். நடந்து போனால் இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும்.

வளர்மதி என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். “அடடே, சிஸ்டரா? வாங்க, வாங்க. வெயில்ல நடந்தா வந்தீங்க?” சேரை இழுத்துப் போட்டார். மோர் கொண்டுவந்தார். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், சொல்ல ஆரம்பித்தேன்.

ஒன்றையும் விடவில்லை. முகூர்த்தம் என்றதற்கு நான் சிரித்தது. பி.பி. பார்க்காதது. கோடு போட்டது. ஜெயந்தியிடம் பொய் சொன்னது. பெரிய டாக்டரிடம் பொய் சொன்னது. “நீங்க எழுப்ப வேணாம்னு சொன்னது தப்பில்லம்மா. எல்லாப் பொண்டாட்டியும் அதத்தான் சொல்லுவாங்க. அதக் கேக்காம எழுப்பத்தான் என்னைய அங்க வச்சிருந்தாங்க. தப்பு என்னுது.”

அவர் அசையாமல் கேட்டார்.  வெளியே ஒரு ஆடு கத்திக்கொண்டிருந்தது. நான் முடித்ததும் சுவரைக் காட்டினார். அங்கே அவருடைய மாமியாரின் படம். மாலை காய்ந்திருந்தது.

“அவுக போயி இன்னையோட நாப்பது நாளாச்சு சிஸ்டர்.”

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

“கடைசி பதினஞ்சு நாளு படுக்கையில கெடந்தாக. வாயில தண்ணி ஊத்தப் போவேன். மொகத்தத் திருப்பிக்குவாக. பக்கத்து வீட்டுப் பிள்ளைய விட்டு ஊத்தச் சொல்லுவேன். கடைசித் தண்ணிகூட எங் கையால எறங்கல.” குரல் உயரவே இல்லை. “நாப்பத்தொரு நாளைக்கு முன்னாடி வந்திருக்கக் கூடாதா நீங்க? இந்தச் சேருல ஒக்காந்து இத அவுககிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?”

“மன்னிச்சிருங்கம்மா” என்றேன்.

“நான் மன்னிச்சு என்ன பண்ண? அன்னைக்கி ரெண்டு மணிக்கு வந்தீங்க. இன்னைக்கி நாப்பதாம் நாளு வந்திருக்கீங்க. எப்பவும் கொஞ்சம் பிந்தித்தான் வாரீங்க சிஸ்டர்.”

என் தொழிலில் எனக்குக் கிடைத்த மதிப்பெண் அது. அதைத் திருத்த எனக்கு உரிமை இல்லை.

நான் எழுந்தேன். அவர் என்னை வாசலுக்கு விடவில்லை. உள்ளறையைக் காட்டினார். மணி இரண்டிருக்கும். கட்டிலில் செல்லத்துரை படுத்திருந்தார், வாய் லேசாகத் திறந்து. அதே குறட்டை போலத்தான் கேட்டது. 

“நான் அர மணிக்கு ஒருவாட்டி எழுப்பிருவேன். நாலு வருசமா” என்றார் வளர்மதி. “அவுகளுக்குக் கோவம் வரும். வந்துட்டுப் போவுது. இப்ப நீங்க எழுப்புங்க.”

“நல்லாத்தான் தூங்குறாரு…”

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வளர்மதி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

குனிந்து கூப்பிட்டேன். “செல்லத்துரை அண்ணே.”

ஒன்றும் இல்லை.

“அண்ணே. செல்லத்துரை அண்ணே.”

இமை துடித்தது. கண் திறந்தது. என்னை அடையாளம் தெரிந்ததா, தெரியவில்லை. உதடு கோணி, எங்கோ ஆழத்திலிருந்து இழுத்துக்கொண்டு வருகிறவர் போல, சொன்னார்:

“வாரேன்.”

அன்றைக்கு ஒரு மணிக்கு நான் இப்படிக் கூப்பிட்டிருந்தால் முழுசாக வந்திருப்பாரா? எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லமாட்டார். நான் கூப்பிடவில்லை என்பது மட்டும் உறுதி.

மோரைக் குடிக்காமலே வைத்துவிட்டு வெளியே வந்தேன். விடைபெறும்போது நாம் சொல்கிற சொல்லும் அதே ‘வாரேன்’தான். அது என் வாயில் வரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். படி இறங்கியபோது வளர்மதி பின்னாலிருந்து கேட்டார்.

“நாளைக்கி டூட்டியா?”

“ஆமாம்மா.”

“யாரு பொண்டாட்டியாச்சும் வாயில வெரல வச்சுக்கிட்டு நிப்பா சிஸ்டர். தூங்கட்டும்பா. நாங்க அப்புடித்தான் சொல்லுவோம். நீங்க எழுப்புங்க.”